மீட்டர் எதை எண்ணுகிறது, நாமே அதை எப்படிச் சரிபார்ப்பது

கேள்வி இதுதான்: வீட்டில் புதிதாக எந்தச் சாமானும் வாங்கவில்லை, ஆட்களும் கூடவில்லை. ஆனாலும் போன பில்லில் 200 யூனிட் இருந்தது, இந்தத் தடவை 300 ஆகிவிட்டது. மீட்டர் வேகமாக ஓடுகிறதா? யூனிட்டை எப்படித்தான் கணக்கிடுகிறார்கள்? எந்தச் சாமான் எவ்வளவு இழுக்கிறது என்று நாமே பார்க்க முடியுமா?

முடியும். அதற்கென்று கருவி எதுவும் வாங்க வேண்டாம். மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கும் போனில் இருக்கும் ஸ்டாப்வாட்சும் போதும். அந்தக் கணக்கைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் வாட், யூனிட் இரண்டும் மனதில் தனித்தனியாக நிற்க வேண்டும். பில்லைப் பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வருவதுதான்.

வாட் என்பது வேகம். இந்த நொடியில் மின்சாரம் எவ்வளவு விரைவாகச் செலவாகிறது என்பதை அது காட்டும். யூனிட் என்பது மொத்தம். வண்டியில் ஸ்பீடோமீட்டர் முள் வாட் என்றால், அதற்குக் கீழே ஏறிக்கொண்டே போகும் கிலோமீட்டர் எண் யூனிட். பில் போடுகிறவர் பார்ப்பது அந்தக் கிலோமீட்டர் எண்ணை. 1000 வாட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் ஏறும். பாடப்புத்தகத்தில் கிலோவாட்-மணி என்று படித்தது இதைத்தான். 75 வாட் ஃபேன் ஒரு யூனிட் சாப்பிட 13 மணி 20 நிமிடம் சுற்ற வேண்டும். 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு 111 மணி நேரம் ஆகும். ஜூல் கணக்கில் ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். ஒரு டன் எடையை 367 மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவையான ஆற்றல் அது. நாம் சுவிட்சைத் தட்டிவிட்டு மறந்துவிடுவதால் அதன் அளவு கண்ணில் படுவதில்லை.

வாட் அதிகம் என்றாலே பில் அதிகம் என்று நினைப்பவர்கள் நிறைய. ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சுடவைக்க ஏறக்குறைய 0.47 யூனிட் வேண்டும். 1000 வாட் ஹீட்டர் ராடை வாளிக்குள் போட்டால் 28 நிமிடம் ஆகும். 3000 வாட் கெய்சர் என்றால் 9 நிமிடம் சொச்சம். இரண்டிலும் யூனிட் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஏனென்றால் தண்ணீருக்குள் போக வேண்டிய சூடு ஒன்றுதான். வித்தியாசம் வருவது வேறு இடத்தில்: 28 நிமிடத்தில் எடுக்க வேண்டிய ராடை ஒரு மணி நேரம் மறந்துவிட்டால் மீதி 32 நிமிடமும் தண்டம். அதே மாதிரி, சேமிப்புத் தொட்டி வைத்த கெய்சரை நாள் முழுக்க ஆனில் விட்டால், யாரும் குளிக்காதபோதும் தொட்டி ஆற ஆற அது திரும்பத் திரும்பச் சுடவைத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொரு இடறல், சாமானின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். அதில் போட்டிருக்கும் வாட் பெரும்பாலும் அது முழு மூச்சில் ஓடும்போது இழுப்பது. எந்நேரமும் இழுப்பது அல்ல. அயர்ன் பாக்ஸில் 1000 வாட் என்று இருந்தாலும் சூடேறியதும் உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் கரண்டைத் துண்டித்துவிடும், ஆறியதும் மறுபடி இணைக்கும். ஃப்ரிட்ஜில் கம்ப்ரசர் நின்று நின்று ஓடும். இன்வெர்ட்டர் ஏசி நிற்காமல் தன் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஏசி விஷயத்தில் டன் என்ற அளவும் சேர்ந்து குழப்பும். ஒரு டன் என்பது அறையிலிருந்து 3.5 கிலோவாட் வேகத்தில் சூட்டை வெளியேற்றும் திறன்; இழுக்கும் மின்சாரம் வேறு கணக்கு. 1.5 டன் ஏசி 5.3 கிலோவாட் அளவுக்குச் சூட்டை வெளியே தள்ளும், அதற்கு அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 1.5 கிலோவாட்டை ஒட்டி இருக்கும். நல்ல ஏசி என்றால் இன்னும் குறையும். ஆகவே ஸ்டிக்கரில் இருக்கும் வாட்டை மணியால் பெருக்கிக் கூட்டி, பில்லோடு ஒத்துப்போகவில்லை என்று சொன்னால் தப்பு மீட்டரில் இருக்க வேண்டியதில்லை.

சரி, மீட்டருக்குள் என்ன நடக்கிறது? இந்த வேலைக்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. 1882இல் நியூயார்க்கின் பேர்ல் ஸ்ட்ரீட்டில் எடிசன் மின் நிலையம் தொடங்கியபோது, யார் எவ்வளவு எரித்தார் என்று அளக்க முறையான கருவி கிடையாது. அவர் கையாண்டது வேதியியல் வழி. ஜாடிக்குள் துத்தநாக சல்ஃபேட் கரைசல், அதில் இரண்டு துத்தநாகத் தகடுகள். வீட்டுக்குப் போகும் கரண்டில் ஒரு சிறு பங்கு அதன் வழியே போகும். போகப் போக ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து இன்னொன்றில் படியும். மாதாமாதம் ஆள் வந்து தகட்டை எடுத்துப்போய்த் தராசில் நிறுத்து, எடை எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து பில் போடுவார்கள். குளிர்காலத்தில் கரைசல் உறைந்துவிடாமல் இருக்க மீட்டர் பெட்டிக்குள்ளேயே ஒரு பல்பை எரியவிட்டார்கள். வீட்டுக்காரருக்குத் தானே பார்த்துச் சரிபார்க்க ஒரு வழியும் கிடையாது. தராசு வைத்திருப்பவர் சொல்வதுதான் கணக்கு. அதோடு, அந்தக் கருவி கரண்டை மட்டும்தான் அளந்தது. வோல்ட் மாறாது என்று நம்பிக்கொண்டால்தான் அது சரிவரும். மாறுதிசை மின்சாரத்துக்கோ அது உதவவே உதவாது.

அந்தக் குறையைத் தீர்த்தது சுழலும் தகடு. 1888இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆலிவர் ஷாலன்பெர்கர் ஒரு ஆர்க் விளக்கைச் சோதித்துக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரு சிறு ஸ்பிரிங் விழுந்தது. காந்தப் புலத்தில் அது தானாகச் சுற்றுவதைக் கவனித்தவர், அதையே அடிப்படையாக வைத்து மாறுதிசை மின்சாரத்துக்கு ஒரு மீட்டர் செய்தார். அடுத்த ஆண்டே, புடாபெஸ்ட்டின் கான்ஸ் தொழிற்சாலையில் ஓட்டோ பிளாத்தி வோல்ட், கரண்ட் இரண்டையும் சேர்த்து, அதாவது உண்மையான வாட்டை அளக்கும் மீட்டரைக் கொண்டுவந்தார். நூறு ஆண்டுகளுக்கு மேல் வீட்டுச் சுவர்களில் தொங்கிய அலுமினியத் தகட்டு மீட்டர் எல்லாம் அந்தக் கொள்கையின் வாரிசுகள்தான்.

அந்தத் தகட்டு மீட்டர் வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தகட்டின் ஒரு பக்கம், மெல்லிய கம்பியில் ஏராளமான சுற்றுகள் கொண்ட சுருள், அது வோல்ட்டுக்கு. மறுபக்கம், தடித்த கம்பியில் சில சுற்றுகள் மட்டும். வீட்டுக்குப் போகும் மொத்தக் கரண்டும் அதன் வழியேதான் போகும். இந்த இரண்டு சுருள்களும் சேர்ந்து அலுமினியத்துக்குள் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கித் தகட்டைத் தள்ளும். தள்ளும் விசை வாட்டுக்கு ஏற்றபடி கூடும், குறையும். ஆனால் தள்ளிக்கொண்டே இருந்தால் தகடு வேகம் பிடித்துப் பறக்குமே? அதற்காக ஒரு நிலைக்காந்தத்தைத் தகட்டின் விளிம்பைக் கவ்வினாற்போல் வைத்தார்கள். தகடு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு பலமாக அந்தக் காந்தம் பிரேக் போடும். தள்ளுவதும் பிடிப்பதும் சமமாகும் வேகத்தில் தகடு நிதானமாகச் சுற்றும். ஆகவே வேகம் என்றால் வாட், சுற்றுகளின் எண்ணிக்கை என்றால் யூனிட். இப்படி நேரத்தால் பெருக்கிக் கூட்டும் வேலையைப் பல்சக்கரங்களே செய்து முடித்துவிட்டன. ஒரு சிப் கூட இல்லாமல் இவ்வளவு துல்லியம்!

இன்றைய எலக்ட்ரானிக் மீட்டரில் சுற்றுவது எதுவும் இல்லை. கரண்ட் போகும் பாதையில் மிகச் சிறிய மின்தடை ஒன்றோ, குட்டி டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றோ இருக்கும். அதிலிருந்து கரண்டின் அளவு தெரியும். வோல்ட்டைத் தனியாக எடுத்துக்கொள்ளும். இரண்டையும் நொடிக்குச் சில ஆயிரம் தடவை அளந்து, அந்தந்தக் கணத்தின் வோல்ட்டை அதே கணத்தின் கரண்டால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போகும். கூட்டல் ஒரு குறிப்பிட்ட அளவைத் தொடும் ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்கு ஒரு தடவை மினுக்கும். மீட்டருக்கு ஃபேன் தெரியாது, ஃப்ரிட்ஜ் தெரியாது. அந்தக் கணத்தில் மொத்தமாக எவ்வளவு போகிறது என்பது மட்டும்தான் தெரியும். எது எவ்வளவு என்று பிரிக்கும் வேலை நம்முடையது.

அந்தந்தக் கணத்தில் பெருக்குகிறது என்று சொன்னேன் அல்லவா, அதில்தான் நிறையப் பேரின் பணத்தைக் காப்பாற்றும் விஷயம் இருக்கிறது. மோட்டார் மாதிரியான சாமான்களில் கரண்ட், வோல்ட்டோடு ஒன்றாக ஏறி இறங்காமல் சற்றுப் பின்தங்கி வரும். அப்போது கரண்டில் ஒரு பங்கு வேலை செய்யாமல் வெறுமனே போய்த் திரும்பும். கிளாம்ப் மீட்டரை வைத்து ஆம்பியரைப் பார்த்து, 230 வோல்ட்டால் பெருக்கி, இவ்வளவு வாட் என்று சொன்னால் அது நிஜத்தைவிட அதிகமாக இருக்கும். உண்மையான வாட்டுக்கும் இந்தப் பெருக்கல் தொகைக்கும் உள்ள விகிதம்தான் பவர் ஃபேக்டர். மலிவான 9 வாட் எல்.இ.டி. பல்பின் பவர் ஃபேக்டர் 0.5 ஆக இருந்தால், வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் 18 வரும். வீட்டு மீட்டரோ 9 வாட்டைத்தான் பதியும்.

சாக்கெட்டில் செருகினால் பில் பாதியாகும் என்று விற்கும் பெட்டிகள் பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். உள்ளே இருப்பது ஒரு கெப்பாசிட்டர். செருகியதும் ஆம்பியர் குறைவது உண்மை. விற்பவர் ஆம்பியர் மீட்டரை வைத்து அதைத்தான் காட்டுவார். ஆனால் குறைந்தது வெறுமனே போய்த் திரும்பும் பங்கு. வாட் அப்படியே இருக்கும், யூனிட்டில் பேர் சொல்லும்படி எந்த மாற்றமும் வராது. பெட்டியின் மேல் எரியும் குட்டி விளக்கு கூடுதலாகக் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். கஷ்டப்பட்டுச் சம்பாதித்த காசை இதில் போட வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். பில்லில் அளவு கே.டபிள்யூ.எச். (கிலோவாட்-மணி, அதாவது நம் யூனிட்) என்று இருக்கிறதா, கே.வி.ஏ.எச். (வோல்ட்டையும் ஆம்பியரையும் வெறுமனே பெருக்கிய தொகையில் எண்ணுவது) என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டாவதாக இருந்தால் பவர் ஃபேக்டர் கணக்கில் வரும். அது பெரும்பாலும் தொழிற்சாலை மாதிரிப் பெரிய இணைப்புகளுக்கு உரியது. வீட்டு இணைப்பில் அரிது.

இனி மினுக்கல் கணக்கு. மீட்டரின் முகப்பில் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் ஒரு எண் அச்சிட்டிருப்பார்கள்: ஒரு கிலோவாட்-மணிக்கு இத்தனை இம்பல்ஸ் என்று. 3200 என்பது அடிக்கடி பார்க்கக் கிடைப்பது. 1000, 1600, 6400 என்றும் வரும். 3200 என்றால் விளக்கு 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். 36 லட்சத்தை 3200ஆல் வகுத்தால் 1125. அதாவது ஒரு மினுக்கல் 1125 ஜூல். இப்போது ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நொடி என்று பாருங்கள். 1125ஐ அந்த நொடியால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைத்துவிடும். 15 நொடிக்கு ஒரு தடவை மினுக்கினால் 75 வாட். 1600 மீட்டருக்கு 1125க்குப் பதில் 2250, 1000 மீட்டருக்கு 3600, 6400 மீட்டருக்கு 562.5.

பழைய தகட்டு மீட்டர் இன்னும் இருந்தால், அதில் யூனிட்டுக்கு இத்தனை சுற்று என்று எழுதியிருக்கும். 600 என்று இருந்தால் 36 லட்சத்தை 600ஆல் வகுத்து 6000 என்று வைத்துக்கொள்ளலாம். தகட்டின் விளிம்பில் இருக்கும் கறுப்புக் கோடு ஒரு சுற்றுக்கு 60 நொடி எடுத்தால் 100 வாட்.

செய்து பார்க்கும் விதம் இது. முதலில் எதையும் அணைக்காமல், வீடு சும்மா இருக்கும் நேரம், அதாவது ஃபேன், லைட், டிவி எதுவும் ஓடாத நேரமாகப் பார்த்து அளவிடுங்கள். ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் ஓடாதபோது பார்க்க வேண்டும். 3200 மீட்டரில் 22.5 நொடிக்கு ஒரு மினுக்கல் என்று வைத்துக்கொள்வோம். 50 வாட். யாரும் எதையும் பயன்படுத்தாதபோதே வீடு இழுக்கும் அடித்தளம் அது. வைஃபை ரூட்டர், செட்டாப் பாக்ஸ், பேட்டரி இன்வெர்ட்டர், ரிமோட்டில் மட்டும் அணைத்த டிவி, சாக்கெட்டிலேயே தங்கிவிட்ட அடாப்டர்கள் எல்லாம் அதில் அடக்கம். 50 வாட்தானே என்று தோன்றும். ஆனால் அது 24 மணி நேரமும் ஓடுகிறது. நாளுக்கு 1.2 யூனிட், 30 நாளுக்கு 36 யூனிட். செட்டாப் பாக்ஸ் ஒன்று மட்டும் 10 வாட் என்று வைத்தாலும் வருடத்துக்கு 87 யூனிட்டைத் தாண்டும். ஆயிரம் வாட் சாமானைப் பார்த்துப் பயப்படுகிற நாம் இந்தப் பத்து வாட்டைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள். ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் ஓடத் தொடங்கியதும் இடைவெளி 22.5 நொடியிலிருந்து 7.5 நொடிக்கு வந்தால் மொத்தம் 150 வாட், அதில் ஃப்ரிட்ஜின் பங்கு 100. ஃபேனை முழு வேகத்தில் போட்டுப் பாருங்கள், பிறகு குறைந்த வேகத்தில். பெரிய சாமான்கள் ஓடும்போது விளக்கு மிக வேகமாக மினுக்கும், ஒற்றை இடைவெளியைப் பிடிக்க முடியாது. அப்போது 20 மினுக்கலுக்கு ஆன நேரத்தை எடுத்து, 22,500ஐ (3200 மீட்டரின் 1125ஐ 20ஆல் பெருக்கியது) அதால் வகுத்துக்கொள்ளுங்கள். எண்ணும்போது ஒரு சின்ன எச்சரிக்கை: ஸ்டாப்வாட்சை அழுத்தும் மினுக்கலுக்குப் பூஜ்யம் என்று சொல்லித் தொடங்க வேண்டும். ஒன்று என்று தொடங்கினால் கணக்கு ஒரு மினுக்கல் பிசகும். கண் தடுமாறினால் போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்.

200 யூனிட் 300 ஆன வீட்டில் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஃப்ரிட்ஜ். அதன் வாட் எவ்வளவு என்பதைவிட, கம்ப்ரசர் நிற்கிறதா என்பதுதான் முக்கியம். 120 வாட் ஃப்ரிட்ஜ் நாளில் 40 சதவீத நேரம் ஓடினால் 1.15 யூனிட். கதவு ரப்பர் தளர்ந்தோ, வாயு கசிந்தோ, தெர்மோஸ்டாட் கெட்டோ நிற்காமல் ஓடினால் 2.88 யூனிட். 30 நாளில் வித்தியாசம் ஏறக்குறைய 52 யூனிட்! வெளியில் இருந்து பார்த்தால் ஃப்ரிட்ஜ் வழக்கம்போல் குளிர்ந்துகொண்டுதான் இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. ராத்திரி யாரும் திறக்காத நேரத்தில் ஒரு மணி நேரம் கவனியுங்கள். கம்ப்ரசர் ஒரு தடவையாவது ஓய வேண்டும். (இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜுக்கு இது பொருந்தாது, அது மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும்படி செய்தது.) அடுத்து தண்ணீர் மோட்டார். ஒரு எச்.பி. மோட்டார் ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கும். தொட்டி நிறைய 20 நிமிடம் ஆன இடத்தில் இப்போது 40 நிமிடம் ஆகிறதென்றால், தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கலாம், ஃபுட் வால்வு (உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் வால்வு) கசியலாம், அல்லது வீட்டுக்குள் எங்கோ ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருக்கலாம். தண்ணீர் ஒழுகினால் கரண்டும் சேர்ந்துதான் ஒழுகும்.

பில்லின் தேதிகளையும் பார்த்துவிடுங்கள். இரண்டு ரீடிங்குக்கு இடையே எத்தனை நாள் என்று எண்ணி, யூனிட்டை அதால் வகுத்து, நாளொன்றுக்கு எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். போன தடவை 26 நாள், இந்தத் தடவை 35 நாள் என்றால் வித்தியாசத்தில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். வீடு பூட்டியிருந்ததால் முந்தைய ரீடிங்கை உத்தேசமாகக் குறைத்துப் போட்டிருந்தால், விட்டது எல்லாம் சேர்ந்து இந்தத் தடவை வரும். தகட்டு மீட்டரில் கடைசியில் சிவப்புக் கட்டத்தில் வரும் இலக்கம் தசமம். அதை முழு எண்ணாகப் படித்தால் பத்து மடங்காகிவிடும். எலக்ட்ரானிக் மீட்டரின் திரையில் எண்கள் மாறி மாறி ஓடும்: தேதி, நேரம், வோல்ட், ஆம்பியர், அதிகபட்ச டிமாண்ட் எல்லாம் வரும். டிமாண்ட் என்பது 15 நிமிடம் அல்லது 30 நிமிட சராசரியில் வீடு தொட்ட உச்சம், கிலோவாட்டில். பில்லுக்கு உரியது கே.டபிள்யூ.எச். என்ற குறியோடு வரும் மொத்த எண். அந்தத் திரை வரும்போது ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். கூரையில் சோலார் இருந்தால் உள்ளே வந்தது, வெளியே போனது என்று இரண்டு மொத்தங்கள் தனித்தனியாக ஓடும்; இரண்டையும் எடுங்கள்.

மீட்டரே தப்பாக ஓட வாய்ப்பே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அளவைப் பாருங்கள். மீட்டரின் முகப்பில் கிளாஸ் 1.0 என்று இருந்தால், அதற்கு அனுமதித்த பிழை கூடுதலோ குறைவோ ஒரு சதவீதம். 300 யூனிட்டில் 3 யூனிட். தேய்மானம் பெரும்பாலும் நமக்குச் சாதகமாகத்தான் போகும்: தகட்டு மீட்டரின் தாங்கி தேய்ந்தால் அது மெதுவாகத்தான் சுற்றும், மிகச் சிறிய சுமைக்கு அசையாமலே நின்றுவிடும். பழைய மீட்டரை மாற்றிய மாதம் பில் கூடியது என்ற புகாருக்கு இது ஒரு காரணம். அதுவரை பதியாமல் போன 10 வாட், 20 வாட் எல்லாம் புது மீட்டரில் பதியத் தொடங்கும்.

சந்தேகம் தீரச் சோதிக்க வேண்டும் என்றால் தெரிந்த சுமை ஒன்றைக் கொடுங்கள். 1000 வாட் ஹீட்டர் ராட் நல்லது, அதில் தெர்மோஸ்டாட் கிடையாது. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ராடைத் தண்ணீருக்குள் வைத்த பிறகே சுவிட்சைப் போட்டு மினுக்கலை எண்ணுங்கள். தண்ணீரைத் தொடுவதென்றால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். வோல்ட்டைக் கணக்கில் எடுக்க மறக்காதீர்கள். 230 வோல்ட்டுக்குச் செய்த ராட் 207 வோல்ட்டில் 810 வாட்தான் இழுக்கும், ஏனென்றால் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வாட் 19 சதவீதம் குறையும். 3200 மீட்டரில் இடைவெளி முன்னதில் 1.1 நொடி, பின்னதில் 1.4 நொடி. ராடின் தயாரிப்பிலேயே சில சதவீத வித்தியாசம் இருக்கும் என்பதால் இந்தச் சோதனையில் ஒரு சதவீதப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. மீட்டர் ஒன்றரை மடங்கு ஓடுகிறதா என்பது மட்டும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனை, மெயினை அணைப்பது. மீட்டர் மெயினுக்கு முன்னால் இருப்பதால் அதன் திரை எரிந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் மினுக்கல் நிற்க வேண்டும். சில மீட்டர்களில் சுமை இல்லாதபோது சிவப்பு விளக்கு மினுக்காமல் நிலையாக எரியும். அது கோளாறு அல்ல. மெயினை அணைத்த பிறகும் மினுக்கிக்கொண்டே இருந்தால் விஷயம் இருக்கிறது. மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ ஒரு வயரை இழுத்திருக்கலாம். அல்லது நியூட்ரல் கலந்திருக்கலாம். பல எலக்ட்ரானிக் மீட்டர்கள் பேஸில் (கரண்ட் உள்ளே வரும் வயர்) போகும் கரண்ட், நியூட்ரலில் (திரும்பும் வயர்) திரும்பும் கரண்ட் இரண்டையும் அளந்து, எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கும். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டின் நியூட்ரல் வயரை வேலைக்காரர் தவறுதலாக உங்கள் நியூட்ரலில் சேர்த்துவிட்டால், அவர்கள் வீட்டுக் கரண்ட் உங்கள் மீட்டர் வழியே திரும்பும், உங்கள் கணக்கில் ஏறும். மெயின் பேஸை மட்டும் துண்டிக்கும் வகையாக இருந்தால் அதை அணைத்த பிறகும் மினுக்கல் தொடரும். திரையில் எர்த் அடையாளம் எரிகிறதா, வீட்டில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அது காரணமில்லாமல் விழுகிறதா என்று பாருங்கள். இந்தக் கோளாறு கண்ணுக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் ஓடக்கூடியது. பில்லும் ஏறும், ஷாக் அடிக்கும் அபாயமும் உண்டு. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடத் தயங்க வேண்டாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் மீட்டர் மேல்தான் சந்தேகம் என்றால் மின் விநியோக அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து மீட்டரைச் சோதிக்கக் கேளுங்கள். உங்கள் மீட்டரோடு தொடராக இன்னொரு மீட்டரைச் சில நாட்கள் ஓடவிட்டு இரண்டையும் ஒப்பிடுவது வழக்கமான முறை. அதுவரை மீட்டரின் சீலைத் தொடவே கூடாது, மூடியைத் திறக்கவும் கூடாது. அப்புறம் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பேச முடியாது. புகாரோடு நாள்வாரி ரீடிங், அது எடுத்த நேரம், மெயினை அணைத்தபோது மினுக்கியதா இல்லையா, ராட் போட்டபோது 20 மினுக்கலுக்கு எத்தனை நொடி ஆனது, அப்போது திரையில் வோல்ட் எவ்வளவு என்பதையும் எழுதிக் கொடுங்கள். வெறும் “பில் அதிகமாக வருகிறது” என்ற புகாரைவிட இதை வைத்துக்கொண்டு சோதிக்க வருபவர் எங்கே கை வைக்க வேண்டும் என்று உடனே கண்டுகொள்வார்.